எஸ்எம்பிஎஸ் லேபிளைப் பார்த்த பிறகுதான் கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன்

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு ‘ஜிபியு மெமரி ஃபுல்’ (கிராபிக்ஸ் கார்டின் மெமரி நிரம்பிவிட்டது) என்ற செய்தியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் 4கே ஃபுட்டேஜைப் போட்டு, கலர் கிரேடிங்கில் (நிறத் திருத்தத்தில்) இரண்டு மூன்று நோட், அதாவது திருத்தப் படிகள், சேர்த்தாலே என் சிஸ்டம் அதைக் காட்டிவிட்டு நின்றுவிடும். இருந்தது ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு, 2 ஜிபி மெமரி. ப்ராசசர் ஐ5-8400, மதர்போர்டு எச்310, ராம் 16 ஜிபி. மற்றதெல்லாம் இன்னும் சில வருடம் தாங்கும், கார்டு மட்டும்தான் தடை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, தை பிறந்தால் மூச்சு விட நேரம் இருக்காது. அதனால் மார்கழியிலேயே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கடலூரில் நான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன முதல் விஷயம், “ஸ்லாட் சேருமா பாருங்க” என்பதுதான். ஸ்லாட் என்பது மதர்போர்டில் கார்டைச் செருகும் இடம். உண்மையில் கவலையே இல்லாத இடம் அது. அந்த இணைப்புக்குப் பெயர் பிசிஐஇ; 3.0, 4.0 என்பவை அதன் தலைமுறைகள். பிசிஐஇ 4.0 கார்டு 3.0 ஸ்லாட்டிலும் வேலை செய்யும், வேகத்தின் உச்சவரம்பு பாதியாகும், அவ்வளவுதான். 16 லேன் (டேட்டா போகும் பாதை) பயன்படுத்தும் கார்டுக்கு இதனால் பெரிய நஷ்டம் கிடையாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி 4 லேன் மட்டும் உள்ள கார்டை 3.0 போர்டில் போட்டால்தான் நன்றாகவே அடி வாங்கும். பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்கள் அந்த வகையைத் தவிர்ப்பது நல்லது.

நிஜமான கேள்வி கரண்ட் பற்றியது. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளைப் படித்தேன். பெரிய எழுத்தில் 450 வாட்ஸ். கீழே சின்ன எழுத்தில் +12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். ப்ராசசரும் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட்ஸ். கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கிற மலிவு எஸ்எம்பிஎஸ் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். 450 என்ற எண்ணை நம்பி யாரும் கார்டு வாங்கிவிடக் கூடாது.

இந்தக் கணக்கோடுதான் கார்டைத் தேடினேன். ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி மாடல் 70 வாட்ஸ்தான். ஸ்லாட்டே 75 வாட்ஸ் கொடுக்கும் என்பதால் அதில் பெரும்பாலான கார்டுகளுக்குத் தனி ஒயர் தேவையில்லை. எஸ்எம்பிஎஸ் மாற்ற வசதியில்லாதவர்களுக்கு நான் மனதாரச் சொல்வேன், அதை வாங்குங்கள். ஆர்எக்ஸ் 6600, 132 வாட்ஸ், 8 ஜிபி, கேம் விளையாட அருமையான கார்டு. எனக்கு வேண்டியது மெமரி. ஆகவே ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. இது 170 வாட்ஸ். ப்ராசசரின் 65ஐக் கூட்டினால் 235. லேபிளில் இருந்த 216ஐத் தாண்டிவிட்டது. சிப்பைத் தயாரிக்கும் என்விடியா இந்தக் கார்டுக்குப் பரிந்துரைப்பது 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்.

வாங்கப் பாண்டிச்சேரி போனேன். முதலில் ஏறிய கடையில் இருந்த பையன், “கன்வெர்ட்டர் போட்டு விட்டுடலாம்ணே, நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க” என்றான். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற மோலெக்ஸ் ஒயரிலிருந்து, கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் 8 பின் பிளக்கை எடுக்கிற கன்வெர்ட்டர். 8 பின் என்றால் 150 வாட்ஸ் வரை இழுக்கும். அந்த மெல்லிய ஒயரும் தளர்வான பின்களும் சூடேறி உருகுவது நடக்கிற விஷயம். ஒயர் தாங்கினாலும் 216 வாட்ஸ் 235 ஆகப் போவதில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு கடையில் 80 பிளஸ் புரோன்ஸ் சான்று (கரண்ட்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான தரச்சான்று) உள்ள 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸும் கார்டும் ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினேன். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். 3060இல் 8 ஜிபி மாடலும் இருக்கிறது, அதில் மெமரிக்கு டேட்டா போகும் பாதையின் அகலமும் குறைவு.

கார்டுக்குக் கிடைக்கும் இடத்தின் நீளத்தைக் கடைக்குப் போவதற்கு முன்பே அளந்திருந்தேன். பின்பக்கத் தகட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை 25 செ.மீ. இரண்டு ஃபேன் உள்ள 3060 மாடல்களில் பல 20 முதல் 24 செ.மீ.க்குள் அடங்கிவிடும். மூன்று ஃபேன் மாடல் 28ஐத் தொடும், என் கேபினட்டில் நுழையாது. சின்ன மதர்போர்டுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கார்டு இரண்டு ஸ்லாட் தடிமன் என்பதால் கீழே இருக்கும் சாட்டா போர்ட்டை (ஹார்ட் டிஸ்க் ஒயர் செருகும் இடம்) மறைக்கலாம். எனக்கு ஒரு போர்ட் மறைந்தது, ஒயரை அடுத்ததற்கு மாற்றிக்கொண்டேன்.

செகண்ட் ஹேண்ட் கார்டுகளும் பார்த்தேன். நம் பக்கம் கடற்காற்று என்பதால் பிராக்கெட்டிலும் திருகுகளிலும் துரு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். வெளியே துரு என்றால் உள்ளேயும் உப்பு போயிருக்க வாய்ப்பு அதிகம்.

மாட்டுவது சுலபம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்ட்டை வெளியேற்றி, கேபினட் இரும்பைத் தொட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும். ப்ராசசருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வேறு வேறு. கார்டுக்கானது 6+2 என்று பிரிந்திருக்கும், அதன் மேல் பிசிஐஇ என்று அச்சிட்டிருப்பார்கள். அப்புறம் மானிட்டர் ஒயர். அதை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும். இந்தக் கார்டில் விஜிஏ கிடையாது, எச்டிஎம்ஐயும் டிஸ்பிளே போர்ட்டும்தான்.

எடிட்டிங் வேலைக்கான என்விடியாவின் ஸ்டுடியோ டிரைவரை கிளீன் இன்ஸ்டால் செய்து, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தேன். சும்மா இருக்கும்போது பஸ் வேகம் (ஸ்லாட் இணைப்பின் வேகம்) 1.1 என்று காட்டும், பயப்பட வேண்டாம். ரெண்டர் ஓடும்போது எக்ஸ்16 3.0, அதாவது 16 லேன், பிசிஐஇ 3.0 என்று மாறியது. எச்310இல் அதுதான் முழு வேகம்.

பலரும் யோசிக்காத இன்னொரு விஷயம் யூபிஎஸ். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் யூபிஎஸ் இல்லாமல் எடிட்டிங் நினைத்தும் பார்க்க முடியாது. வீட்டில் இருந்தது 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்), அதில் கிடைப்பது 360 வாட்ஸ்தான். ப்ராசசர், கார்டு, மற்ற பாகங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவது, மானிட்டர் எல்லாம் கூட்டினால் முழு வேலையில் அந்த எல்லைக்கே வந்துவிடுகிறது. கரண்ட் போகிற நொடியில் யூபிஎஸ் கை விட்டால் ப்ராஜெக்ட்டும் போய்விடும். 600 வாட்ஸ் கொடுக்கும் 1000 விஏ யூபிஎஸ்ஸுக்கு மாறினேன். அதோடு எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டு சாக்கெட்டில் எர்த் சரியாக வருகிறதா என்றும் பார்க்கச் சொன்னேன்.

கேபினட்டின் முன்பக்கம் ஒரு ஃபேன் சேர்த்தேன். அக்னி நட்சத்திர மதியத்தில், ஏசி இல்லாத அறையில், நீண்ட ரெண்டரிலும் கார்டின் சூடு 75 டிகிரியைத் தாண்டவில்லை. வைகாசி முகூர்த்தங்களின் 4கே வேலை முழுவதும் இந்தக் கார்டில்தான் முடிந்தது.