தவிலுக்கு ஈடுகொடுக்கும் வால்வு ஆம்ப்: தேடல் குறிப்புகள்

மார்ச் 9, 2025, ஞாயிறு

பல வருடம் உழைத்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் இடது பக்கம் இப்போதெல்லாம் நினைத்த நேரத்தில் நின்று போகிறது. பழுது பார்க்கக் கொடுக்கலாம்தான், ஆனால் இந்த முறை டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப் வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன், ரொம்ப நாள் ஆசை. ப்ரீ ஆம்ப் தனி, பவர் ஆம்ப் தனி என்று அடுக்க சிங்கப்பூரில் எங்கள் நான்கறை வீவக அடுக்குமாடி வீட்டில் இடமில்லை, அதனால் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும் இன்டகிரேட்டட் ஆம்ப்தான். பொருள் சேவை வரி 9 விழுக்காடும் சேர்த்து 10,000 வெள்ளிக்குள் முடிய வேண்டும். சின்னத் தொகை இல்லை, அதனால்தான் யோசிப்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்பீக்கரை மாற்றப் போவதில்லை. ஹார்பெத் பி3இஎஸ்ஆர், பிபிசி 1970களில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ வழியில் வந்த குட்டி ஸ்பீக்கர். மனிதக் குரலை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் இன்னொரு சின்னப் பெட்டியை நான் கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பசி அதிகம். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 83 டெசிபெல் சுற்றித்தான் வரும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் வாட் இரண்டு மடங்காக வேண்டும். 8 வாட்டில் 92, 64 வாட்டில் 101, அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரும்பாலும் நாகஸ்வரம், வீணை, கே. பி. சுந்தராம்பாள். 75 டெசிபெல்லில் நாகஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தவிலில் ஓங்கி ஒரு அடி விழுந்தால் அந்தக் கணம் மட்டும் 15, 20 டெசிபெல் மேலே தாவும். நான் உட்காருவது 2.5 மீட்டர் தள்ளி, வழியிலும் கொஞ்சம் போய்விடும். காகிதத்தில் பார்த்தால் 30 வாட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. சரி, காது என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மார்ச் 15, சனி

நகர மண்டபம் நிலையத்தில் இறங்கி கோல்மன் ஸ்ட்ரீட் அடெல்ஃபிக்குப் போனேன். இத்தனை ஆடியோ கடைகள் ஒரே கட்டடத்தில் இருப்பது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. என் ஸ்பீக்கரையே வைத்திருந்த ஒரு கடையில் 300பி வால்வு போட்ட சிங்கிள் எண்டட் ஆம்ப் (பக்கத்துக்கு ஒரே பவர் வால்வில் ஓடுவது) ஒன்றை மாட்டித் தரச் சொன்னேன். கடைக்கார அங்கிள் பொறுமைசாலி, வால்வு சூடாகட்டும் என்று அரை மணி நேரம் காக்க வைத்த பிறகுதான் கேட்க விட்டார்.

முதலில் கே.பி.எஸ். அவர் உச்சத்துக்குப் போகும்போது என் பழைய ஆம்பில் குரலின் விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி குத்தும். இதில் அதே உச்சம், அதே ஓங்காரம், ஆனால் தொண்டையும் மூச்சும் சேர்ந்து வந்தன. ஒரு சொல்லை முடித்துவிட்டு மூச்சு இழுப்பது வரை கேட்டது. இவ்வளவு வருடம் கேட்ட பதிவில் இது இருந்ததே எனக்குத் தெரியாது.

அடுத்து ஷேக் சின்ன மௌலானாவின் நாகஸ்வரம். ஆலாபனை முழுக்கச் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். தவில் சேர்ந்ததும் கதை மாறிவிட்டது. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல் கூடு படும்போது ஒரு தெறிப்பு வருமே, அது மழுங்கிவிட்டது; இடப்பக்கமான தொப்பியில் குச்சி விழும் அடி தட்டையாக, பக்கத்து அறையில் வாசிக்கிற மாதிரி கேட்டது. 300பி ஒன்றே ஒன்று பக்கத்துக்கு 8 வாட் தரும். வால்வு ஆம்ப் திணறும்போது டிரான்சிஸ்டர் மாதிரி கரகரக்காது, மெதுவாக மழுங்கும், அதனால் பலருக்கு அது திணறுவதே தெரியாது. தவில் கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

மார்ச் 18, செவ்வாய்

அலுவலகம் முடிந்து வந்து வெப்பக் கணக்கு மட்டும் போட்டேன். 300பி-யை விட்டால் பல ஆம்ப்களில் இருப்பது இஎல்34 என்ற வால்வு. அதில் ஒன்றின் இழை 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் எடுக்கும், கிட்டத்தட்ட 9.5 வாட். எட்டு வால்வு இருந்தால் இழைகளைச் சூடாக்கவே 76 வாட் போய்விடும், பாட்டே போடாவிட்டாலும் மொத்தம் 200 வாட்டைத் தாண்டும். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், யூனிட் 30 காசு என்று வைத்தால் மாதம் ஆறு வெள்ளி போல வரும். அது பரவாயில்லை. அந்தச் சூடு முழுக்க நம் கூடத்தில்தான் இறங்கும், வெளியில் 32 டிகிரி இருக்கிற ஊரில். குளிர்சாதனம் இல்லாமல் மத்தியானத்தில் கேட்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

உட்லண்ட்ஸில் ஒரு அண்ணன் இருக்கிறார், இந்தப் பைத்தியத்தில் எனக்கு மூத்தவர். அவரிடமும் 300பி ஆம்ப்தான், ஆனால் ஸ்பீக்கர் கிளிப்ஷ் ஹெரசி, 1 வாட்டுக்கு 99 டெசிபெல். அதே 8 வாட் அங்கே தவிலை மடியில் வைத்து வாசிக்கிற மாதிரி கொடுத்தது. 83-க்கும் 99-க்கும் நடுவில் 16 டெசிபெல், அதாவது அவர் 1 வாட்டில் செய்வதை என் ஸ்பீக்கரில் செய்ய 40 வாட் வேண்டும். "தம்பி, ஒண்ணு ஸ்பீக்கர மாத்து, இல்ல 300பி ஆசைய விடு. ரெண்டையும் கட்டிக்கிட்டு அழாதே" என்றார். அண்ணி கொடுத்த மசால் வடையோடு அந்தப் புத்திமதியும் நன்றாகவே இறங்கியது.

300பி 1938-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கொண்டுவந்த வால்வு. அதன் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. என் வீட்டுக்கு அது சரிவராது, அவ்வளவுதான்.

மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள் விடுமுறை. அதனால் வீட்டிலேயே இருந்து, நேற்று கேட்டதை எழுதுகிறேன். மறுபடி அடெல்ஃபி, இந்த முறை இரண்டு ஆம்ப் மட்டும்.

ஒன்று கேடி150 வால்வு போட்ட அமெரிக்க ஆம்ப். தவில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், கீழ்ப்பக்கம் அவ்வளவு கட்டுப்பாடு. ஆனால் கே.பி.எஸ். குரல் பழைய ஆம்பில் கேட்ட மாதிரியே இருந்தது. அதற்கு எதற்கு வால்வு? விலையும் கைக்கு எட்டாது.

இன்னொன்று பிரைமாலூனா ஈவோ 400. நெதர்லாந்து நிறுவனம், தயாரிப்பு சீனாவில். இஎல்34 எட்டு, வால்வுகள் ஜோடியாக வேலை செய்யும் புஷ்-புல் வகை. வால்வுகளை ஓட்ட அல்ட்ராலீனியர், டிரையோடு என்று இரண்டு முறை இருக்கிறது, ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும், முதலாவதில் 70 வாட், இரண்டாவதில் 38. பாதியாகிவிடுகிறதே என்று முகம் சுளிக்கத் தேவையில்லை, டெசிபெல்லில் பார்த்தால் வித்தியாசம் மூன்றுகூட இல்லை. டிரையோடில் வைத்துக் கே.பி.எஸ். போட்டேன். 300பி-யின் அந்த மூச்சு முழுதாக இல்லை, முக்கால்வாசி இருக்கிறது. தவில் சேர்ந்த பிறகும் ஒலி குலையாமல் அப்படியே நின்றது, ஒவ்வொரு அடிக்கும் தோல் அதிர்ந்து அடங்குவது தெரிந்தது. அல்ட்ராலீனியருக்கு மாற்றினால் தெறிப்பு இன்னும் கூடுகிறது, ஆனால் நாகஸ்வரத்தின் நடுப்பகுதி கொஞ்சம் மெலிகிறது. டிரையோடுதான் எனக்கு.

ஏப்ரல் 6, ஞாயிறு

நண்பன் ஒருவன் ஜப்பானில் விற்பனைக்கு இருக்கும் பழைய ஆம்ப் ஒன்றின் படம் அனுப்பியிருந்தான், பார்க்க அவ்வளவு அழகு, விலையும் பாதி. அது 100 வோல்ட். நமக்கு 230, நடுவில் ஒரு பெரிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும், அதன் ரீங்காரம் வேறு. உத்தரவாதம் கிடையாது. 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற சாமானில் ஏதாவது என்றால் தூக்கிக்கொண்டு போக உள்ளூரில் ஒரு கடை இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஈவோவை நோக்கி என்னைத் தள்ளிய இன்னொரு காரணம் பயாஸ். வால்வு தேயத் தேய அதில் ஓடும் மின்னோட்டத்தைச் சரி செய்ய வேண்டும். பல ஆம்ப்களில் மீட்டரும் திருப்புளியும் வைத்து நாமே செய்ய வேண்டியது. இதில் அதுவே பார்த்துக்கொள்கிறது, வால்வு கெட்டால் விளக்கு எரிந்து காட்டும். பவர் வால்வுகள் சில ஆயிரம் மணி நேரம்தான் தாங்கும், நான் கேட்கும் வேகத்துக்கு மூன்று நான்கு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். இஎல்34 ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா மூன்று இடத்திலும் செய்கிறார்கள். 2022-ல் ரஷ்ய வால்வு வரத்து தடைப்பட்டு விலை எகிறியபோது பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கடைக்காரரிடம் பேசி முன்பணம் கட்டிவிட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி, முழு நாளும் கேட்கக் கிடைத்தது. ஆம்ப் 31 கிலோ, மின்தூக்கியிலிருந்து கூடம் வரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

பி3இஎஸ்ஆர் ஸ்பீக்கரின் மின்தடை 6 ஓம். ஆம்பின் பின்னால் 4, 8 என்று தனித்தனி இணைப்பு, 6-க்கு ஒன்றும் இல்லை. இரண்டிலும் ஒரே பதிவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 8-ல் குரல் சற்று முன்னால் வருகிறது, தவிலின் அடிச்சத்தம் தளர்ந்து போகிறது. 4-ல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் மின்தடை குறைவு என்பதால் ஸ்பீக்கர் கூம்பின் மேல் பிடி இறுகுகிறது, அடி விழுந்த இடத்திலேயே நிற்கிறது. 4-ல் விட்டுவிட்டேன். கம்பி மாற்றும்போதெல்லாம் ஆம்பை அணைத்துவிட்டுத்தான் மாற்றினேன், ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், புதிதாக வாங்குகிறவர்கள் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

மகளுக்கு ஐந்து வயது, அதனால் வால்வுகளை மூடியிருக்கும் கம்பிக் கூண்டைக் கழற்றுவதே இல்லை. மேலே அரை அடி உயரத்தில் கை வைத்தால் கூட நல்ல சூடு. டிவி அலமாரிக்குள் வைக்க முடியாது என்று மனைவியிடம் முன்பே சொல்லியிருந்தேன், திறந்த தட்டு ஒன்று செய்யத் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது, அடுத்த வாரம் வருகிறார். அதுவரை தரையில் ஒரு பளிங்குப் பலகை மேல் இருக்கிறது. இசைத்தட்டு இயந்திரத்தை இணைக்க ஆம்பில் போடும் ஃபோனோ போர்டு இன்னும் வாங்கவில்லை, அது வந்ததும் இசைத்தட்டில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.