டொல்பின் படகுகளும் சுழியோடிகளும்: நிலாவெளியில் மிதவை போட அனுமதி வாங்கிய அனுபவம்

நிலாவெளிக்கு வெளியே நாங்கள் சுழியோடும் பாறைத்திட்டைச் சுற்றி இந்தப் பருவம் முழுவதும் செம்மஞ்சள் மிதவைகள் நின்றன. டொல்பின் பார்க்கப் போகும் படகுகள் அவற்றுக்குத் தெற்கால் விலகிப் போய் வந்தன. இது நடப்பதற்காக நான் ஏறி இறங்கிய அலுவலகப் படிகளையும் அங்கே விழுங்கிக்கொண்ட கோபத்தையும் இன்னும் மறக்க முடியவில்லை. சுற்றுலாக் கடற்கரைகளில் இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் இப்படி அலையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு காலை, வெளிநாட்டுப் பயணிகளோடு 5 மீற்றர் ஆழத்தில், உடலில் சேர்ந்த வாயு மெதுவாக வெளியேறுவதற்காக மேலே வருமுன் நிற்கும் வழமையான மூன்று நிமிடத் தரிப்பில் நின்றபோது, ஆழ்கடலிலிருந்து திரும்பிய படகு ஒன்று எங்கள் தலைக்கு மேலாக வேகம் குறையாமல் போனது. கீழே ஆள் இருப்பதைக் காட்ட மேலே நின்ற அடையாள மிதவையை இயந்திரத்தின் விசிறி அடியோடு கிழித்துவிட்டது. என் கையிலிருந்த றீலில் அதன் நூல் விறைத்து இழுபட்டு, பிறகு தளர்ந்து கீழே விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. முறைப்பாடு செய்யப் போன இடத்தில் முதற் கேள்வி காயம்பட்டவர் யார் என்பதாக இருந்தது. அப்படி ஒருவர் இல்லை என்றதும் பதிவேட்டை மூடிவிட்டார்கள். காயம் ஏற்பட்ட பிறகுதான் பேச முடியும் என்றால் அந்தப் பேச்சால் யாருக்குப் பயன் என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. படகுகளின் பாதையையே மாற்ற வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சுழியோடியே கவனமாக இருந்தால் போதாதா என்று பல உத்தியோகத்தர்கள் கேட்டார்கள். போதாது. நீருக்குள் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் வேகத்தில், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் பரவுவதால், இரண்டு காதுகளுக்கும் அது கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து சேருகிறது. இயந்திரம் கேட்கிறது என்பது தெரியும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது தெரியாது. 20 நொட் வேகத்தில் வரும் படகு ஒரு செக்கனில் 10 மீற்றர் கடக்கிறது. நிமிடத்துக்கு 9 மீற்றர் என்ற பாதுகாப்பான வேகத்தில் 5 மீற்றரிலிருந்து மேலே வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தப் படகு 300 மீற்றர் ஓடிவிடும். மேலே வரத் தொடங்கியபோது கடல் வெறுமையாக இருந்தது என்பதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை. படகோட்டியின் நிலையும் இதேதான். வெளியிணைப்பு இயந்திரத்தின் பிடியோடு பின்பக்கத்தில் இருப்பவருக்கு, வேகம் எடுத்த படகின் தூக்கிய அணியமும் (முன்பகுதியும்) அதில் வரிசையாக அமர்ந்திருக்கும் பயணிகளும் நேர்முன்னே உள்ள நீரை மறைத்துவிடுகிறார்கள். கச்சான் காற்று சிறு அலை கிளப்பிவிட்டால் சுழியோடியின் குமிழிகளும் கண்ணுக்குப் படாது.

பாறைத்திட்டைச் சுற்றி மிதவை போட அனுமதி கேட்கும் விண்ணப்பம் எழுதுவது இலகுவாக முடிந்தது. எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்று கேட்பார்கள் என்பதால் வெளிநாட்டு நடைமுறை ஒன்றைச் சேர்த்தேன்: சுழியோடிக் கொடி நிற்கும் இடத்திலிருந்து திறந்த கடலில் 300 அடிக்குள்ளும், ஆறு, முகத்துவாரம், கால்வாய்களில் 100 அடிக்குள்ளும் படகுகள் மிக மெதுவாகவே வர வேண்டும் என்பது அமெரிக்காவின் புளோரிடா மாநிலச் சட்டம். அதை ஒட்டி 100 மீற்றர் கேட்டேன்.

அலைச்சல் அதன் பிறகுதான் ஆரம்பித்தது. முதல் அலுவலகத்தில் எழுதுவினைஞர் கடிதத்தை முழுவதும் வாசிக்காமலே, படகு என்றால் கடற்றொழில், பயணி என்றால் சுற்றுலா, கடலில் எதையாவது நங்கூரமிட்டால் அது கரையோரம், ஆகவே இது தங்கள் விடயம் அல்ல என்று சொல்லித் திருப்பித் தந்தார். அடுத்த இடத்தில் முதல் இடத்தின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் கேட்டார்கள். முதல் இடத்திலோ, அடுத்தவர்கள் எழுத்தில் கேட்டால்தான் அப்படி ஒரு கடிதம் தர முடியும் என்றார்கள். படகைப் பற்றி ஓர் அலுவலகமும் சுழியோடியைப் பற்றி இன்னோர் அலுவலகமும் பேசும். இரண்டும் ஒரே நீரில் சந்திப்பதைப் பற்றிப் பேச எந்த மேசையும் இல்லை. இதைப் புரிந்துகொண்ட பின் கடிதத்தை மாற்றி எழுதினேன். “அனுமதி வேண்டும்” என்ற சொல்லுக்குப் பதிலாக, “தங்கள் திணைக்களத்துக்கு உரிய பகுதியில் ஆட்சேபனை உண்டா என்பதை எழுத்தில் அறியத்தரவும்” என்று ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகக் கொடுத்தேன். பொறுப்பை முழுவதுமாக ஏற்கும்படி கேட்டபோது தள்ளிவிட்டவர்கள், தங்கள் பங்குக்கு மட்டும் பதில் எழுதச் சம்மதித்தார்கள். இந்த வேலையில் இறங்குபவர்கள் இதே சொற்களைப் பயன்படுத்தலாம்.

ஓர் இடத்தில் பதில் கடமையாற்றும் உத்தியோகத்தருக்குக் கையொப்ப அதிகாரம் இல்லை என்பதைப் பாதி நாள் வாங்கில் இருத்திய பின்னர்தான் சொன்னார்கள். இன்னோர் இடத்திலிருந்து வந்த பதில் சிங்களத்தில் மட்டும் இருந்தது. அதைத் தமிழில் கேட்டு எழுதியதில் மேலும் சில கிழமைகள் போயின. போகும் முன் தொலைபேசியில் கையொப்பமிடுபவர் அன்று இருக்கிறாரா என்று கேளுங்கள். கடிதத்தை இரு மொழிகளிலும் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். என்னுடைய கோவை ஒரு முறை காணாமல் போனபோது அந்த முத்திரைதான் என்னைக் காப்பாற்றியது.

மிக அதிகமாகக் கோபம் வந்தது ஆள்கூற்று (இடத்தைக் குறிக்கும் அகலாங்கு, நெட்டாங்கு) விடயத்தில். ஜி.பி.எஸ். கருவி காட்டியபடி பாறைத்திட்டின் இடத்தைப் பாகையின் தசமத்தில் கொடுத்திருந்தேன். அதை அலுவலகப் படிவத்தில் தட்டச்சு செய்தவர், தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்ணை அப்படியே கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) நிரலில் போட்டுவிட்டார். 81.22 பாகை என்பது 81 பாகை 22 கலை ஆனது. வரைபடத்தில் எங்கள் பாறைத்திட்டு 16 கிலோமீற்றர் கிழக்கே ஆழ்கடலுக்குப் போய்விட்டது. அகலாங்கு 8 பாகை 72 கலை என்று பதிவாகியிருந்தது; ஒரு பாகைக்கு 60 கலை மட்டுமே என்பதால் அப்படி ஓர் இடம் உலகத்திலேயே இல்லை. அந்தப் படிவம் இரண்டு மேசைகளைக் கடந்து, மூன்றாவது மேசையில் “இந்த ஆழத்தில் மிதவை நிறுத்த முடியாது” என்ற குறிப்போடு நிராகரிக்கப்பட்டது. திருத்தம் கேட்டபோது புதிய விண்ணப்பம் போடச் சொன்னார்கள். ஆள்கூற்றைப் பாகை, கலை, விகலை என்று நீங்களே மாற்றி எழுதி, வரைபடத்தில் புள்ளியும் இட்டு, தட்டச்சு முடிந்ததும் எதிரே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஓர் உயர் உத்தியோகத்தர், கொடி ஏற்றினால் போதுமே, மிதவை எதற்கு என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 27ஆவது விதி, சுழியோட்டத்தில் ஈடுபடும் சிறு படகு ‘ஏ’ எழுத்துக்குரிய வெள்ளை நீலக் கொடியின் உருவத்தை, 1 மீற்றருக்குக் குறையாத உயரமுள்ள விறைப்பான பலகையாக, எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி காட்ட வேண்டும் என்கிறது. துணிக்கொடி அந்த விதியை நிறைவேற்றாது. எங்கள் கடலில் விடியற்காலை காற்று விழுந்து கிடக்கும் நேரத்தில்தான் டொல்பின் படகுகள் புறப்படுகின்றன. துணி கம்பத்தோடு ஒட்டித் தொங்கும். ஒட்டுப்பலகையை வெட்டி வண்ணம் பூசி, இரண்டு பலகைகளைக் குறுக்காகப் பொருத்தி நாங்கள் செய்த கொடியை அவரிடம் நேரில் காட்டினேன். அதன் பிறகே அவர் விண்ணப்பத்தைத் தொடர்ந்து வாசித்தார்.

அவருடைய அடுத்த கேள்வி, இங்கே இதுவரை யாராவது இறந்திருக்கிறார்களா என்பது. மெக்சிகோவின் கொசுமெல் தீவில் 2000 டிசம்பர் 18 அன்று நடந்ததை அவருக்குச் சொன்னேன். பிரித்தானியப் பாடகி கேர்ஸ்டி மக்கோல் தன் பிள்ளைகளோடு சுழியோடி மேலே வந்தபோது, படகுகளுக்குத் தடைசெய்யப்பட்டிருந்த பகுதிக்குள் வேகமாக வந்த படகு ஒன்று அவரை மோதிக் கொன்றது. அந்தக் கணத்தில் அவர் தன் மகனைத் தள்ளிக் காப்பாற்றினார். தண்டிக்கப்பட்ட படகுப் பணியாளர் சிறைக்குப் பதிலாகச் சிறு தொகை அபராதம் கட்டினார். அங்கே தடை இருந்தும் இப்படி நடந்தது; இங்கே தடையே இல்லை என்றேன். உத்தியோகத்தர் சற்று நேரம் பேசாமல் இருந்து, கோவையின் மேல் ஒரு குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்புக்குப் பிறகுதான் எல்லாம் அசையத் தொடங்கின.

ஆனால் கடலில் மாற்றம் வந்தது படகுச் சங்கக் கூட்டத்தில்தான். கூட்டம் இறங்குதுறைக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பில் நடந்தது. சுழியோடிகள் கடலைத் தங்களுக்கு எழுதி வாங்கப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு எனக்கு முன்னமே அங்கே வந்து சேர்ந்திருந்தது. நீண்ட காலம் தொழில் பார்த்த ஒரு நானா எழுந்து நேராகக் கேட்டார்: “தம்பி, உங்கட ஆக்கள் கரையில தேத்தண்ணி குடிக்கேக்கயும் அந்தக் கொடி படகில நிக்குது. கீழ ஆள் இருக்கோ இல்லையோ எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?” அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இந்தக் கரையில் பல சுழியோட்டப் படகுகளில் கொடி காலை முதல் மாலை வரை இறங்குவதே இல்லை. எப்போதும் நிற்கும் கொடியைப் படகோட்டிகள் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். முதலாவது சுழியோடி நீரில் இறங்கும்போது கொடி ஏற வேண்டும், கடைசி ஆள் படகில் ஏறியதும் இறங்க வேண்டும் என்று எல்லாச் சுழியோட்ட நிலையங்களும் கையொப்பமிட்டுக் கொடுத்தால், தாங்கள் தெற்கால் விலகிப் போவதாகச் சங்கம் ஒப்புக்கொண்டது. சுற்றிப் போவதால் எண்ணெய்ச் செலவு கூடும் என்ற ஆட்சேபனைக்கு, பாதையை அவர்களே ஒரு படகில் ஓடிப் பார்த்துக் கூடுதல் தூரம் சிறிது என்று தங்களுக்குள் தீர்த்துக்கொண்டார்கள்.

மிதவை போட நினைத்த இடங்களில் ஒன்றை மாற்றவும் அவர்கள்தான் சொன்னார்கள். பாறைத்திட்டிலிருந்து கரைக்கு வழிகாட்ட நாங்கள் குறித்திருந்த உள்மிதவை கரையிலிருந்து வலை இழுக்கும் இடமான ஒரு கரைவலைப் பாட்டுக்குள் விழுந்தது. அங்கே சங்கிலி நின்றால் வலை சிக்கிக் கிழியும். எந்த அலுவலக வரைபடத்திலும் அந்தப் பாடு இல்லை. வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டியதைப் படம் பிடித்து, இடத்தை மாற்றினேன். சங்கத்தின் கடிதம், கையொப்பங்களோடும் இறப்பர் முத்திரையோடும், கோவையில் சேர்ந்ததும், அதுவரை தயங்கிய மேசைகள் எல்லாம் பதில் எழுதின. ஆகவே படகுக்காரர்களிடம் முதலில் போங்கள், அலுவலகங்களுக்குப் பிறகு போங்கள். அவர்களுக்குப் பயன்படும் ஒன்றைச் சுழியோடிகளும் கொடுக்க வேண்டும்.

மிதவை நிற்கிறது என்பதற்காகச் சுழியோடிகள் தளர்ந்துவிடக் கூடாது. எங்களோடு வரும் ஒவ்வொரு குழுவும் ஓர் அடையாள மிதவையைக் கொண்டுவர வேண்டும். அதைத் தரிப்பு ஆழத்திலிருந்தே மேலே அனுப்ப வேண்டும். மேலே வந்த பிறகு ஊதுவது பயனற்றது, ஆபத்து முடிவது நீர்மட்டத்தில் அல்ல, தொடங்குவதே அங்கேதான். ஏறும்போது மேலே பார்த்து, முழு வட்டமாகத் திரும்பி, ஒரு கையை உயர்த்தியபடி வர வேண்டும். இயந்திர ஒலி நெருங்கினால் தரிப்பிலேயே நின்று அது போகும் வரை காத்திருக்க வேண்டும். சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மிச்சம் வைத்து மேலே வரச் சொல்வது இதற்காகவும்தான். 20 பாரோடு தரிப்புக்கு வருபவருக்குக் காத்திருக்கும் வசதி இல்லை. நூல் சிக்காமல் றீலை விடுவதைக் கரையோர ஆழமற்ற நீரில் பழகிய பின்னரே புதியவர்களைப் பாறைத்திட்டுக்குக் கூட்டிச் செல்கிறோம்.

பருவத்தின் நடுவில் ஒரு படகு மட்டும், வேறு ஊரிலிருந்து வந்தது, மிதவைகளுக்குள் நுழைந்தது. நாங்கள் கைகாட்டும் முன்பே சங்கத்துப் படகொன்று அதன் குறுக்கே போய் வேகத்தைக் குறைக்கச் செய்தது. இத்தனை கடிதங்களிலும் எனக்குக் கிடைத்த பெரிய பலன் அதுதான்.

தந்த அனுமதி ஒரு பருவத்துக்கு மட்டுமே. வாடை தொடங்கினால் மிதவைகள் அறுந்து போகும் என்பதால் சங்கிலியோடு கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டோம். கொங்கிறீற்று அடிக்கற்கள் மட்டும் கீழே உள்ளன. அடுத்த பருவத்துக்கான புதுப்பிப்பு விண்ணப்பத்தை அதே கிழமையில், இரு மொழிகளிலும், கலையும் விகலையும் சரிபார்த்து, சங்கத்தின் கடிதத்தை முதல் பக்கமாக வைத்துக் கொடுத்து, திகதி முத்திரையும் வாங்கிவிட்டேன்.