வங்கி மெயில்: வலமிருந்து இடமாகப் படியுங்கள்

"கேஒய்சி காலாவதி, இன்றிரவு கணக்கு முடக்கப்படும்" வகை மெயில்களை அதிலுள்ள எழுத்துப்பிழையை வைத்துப் பிடித்த காலம் போய்விட்டது. இப்போது மொழி சுத்தமாக இருக்கிறது, லோகோவும் அச்சு அசல். அனுப்புநர் பெயரை நம்பவே வேண்டாம். அந்த இடத்தில் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். மொபைல் ஜிமெயிலில் பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தொட்டால்தான் முழு முகவரி தெரியும்.

அடுத்தது லிங்க். அதைத் தட்டாமல், விரலால் அழுத்திப் பிடித்தால் உண்மையான முகவரி வரும். கணினியில் மவுஸை அதன்மேல் கொண்டுபோனால் திரையின் கீழ் ஓரத்தில் காட்டும். இப்படி ஒன்று வந்ததாக வைத்துக்கொள்வோம்:

எஸ்பிஐ.பேங்க்.இன்.கேஒய்சி-அப்டேட்.டாப்/லாகின்

தொடக்கத்தில் 'https://' இருந்தால் அந்த இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். டாப், அதற்கு முன் கேஒய்சி-அப்டேட். தளத்தின் சொந்தக்காரர் இவர்தான். அதற்கும் முன்னால் இருப்பதெல்லாம் அவர் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டது.

இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. இதை வங்கிகள் மட்டுமே பதிவுசெய்ய முடியும் என்பதால் நமக்கு வேலை எளிது. ஆனால் புள்ளிக்கும் சிறுகோட்டுக்கும் வித்தியாசம் உண்டு: 'எஸ்பிஐ.பேங்க்.இன்' வங்கியுடையது, 'ஏதோ-பேங்க்.இன்' மாதிரியான பெயரை யாரும் காசு கொடுத்து வாங்கிவிடலாம்.

முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னத்தால் பயனில்லை. இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டும்தான் அது சான்று. எதிர்முனையில் திருடனே உட்கார்ந்திருக்கலாம். மெயில் சொன்ன முகவரியிலிருந்தே வந்ததா என்று பார்க்கும் டிகிம், டிமார்க் சோதனைகள் 'பாஸ்' என்று காட்டினாலும் அப்படித்தான், தன் சொந்த டொமைனிலிருந்து (இணைய முகவரிப் பெயர்) அனுப்பும் மோசடிக்காரருக்கும் அது பாஸ் ஆகும்.

ஸ்டேட்மென்ட் என்ற பெயரில் எச்டிஎம்எல் கோப்பு (பிரவுசரில் இணையப் பக்கமாகத் திறப்பது) இணைப்பாக வந்தால் திறக்காதீர்கள். அது உங்கள் கணினியிலேயே போலி லாகின் பக்கமாக விரியும். தட்டிய பாஸ்வேர்டு நேராக வெளியே போய்விடும். முகவரிப் பட்டையில் சந்தேகப்படக்கூட ஒரு டொமைன் இருக்காது.

ஏற்கெனவே விவரம் கொடுத்துவிட்டால் முதல் போன் வங்கிக்கு. எண்ணை மெயிலிலிருந்து எடுக்காதீர்கள், டெபிட் கார்டின் பின்பக்கம் இருக்கும். நெட்பேங்கிங்கையும் கார்டையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, பாஸ்வேர்டை நாமே கொடுத்திருந்தால் வங்கியிடம் சொல்லும்வரை போன பணம் நம் தலையில். சொன்ன பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. பணம் போயிருந்தால் அடுத்த போன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு.