வரைபடத்தில் இல்லாதவை: தளப் பொறியாளரின் அக்டோபர் குறிப்புகள்

அக்டோபர் 8, 2024

சென்னையின் தெற்குப் புறநகரில், தரைத்தளத்தை வாகன நிறுத்தத்துக்கு விட்டு அதன்மேல் நான்கு மாடிகள் எழும்பும் குடியிருப்பு ஒன்றில் தளப் பொறியாளராக இருக்கிறேன். கட்டுமான விபத்து என்றதும் இங்கே எல்லோரும் 2014-இல் மௌலிவாக்கத்தில் 61 உயிர்களைப் பறித்த அடுக்குமாடியைத்தான் நினைவுகூர்வார்கள். ஆனால் இந்தத் தொழிலில் மரணம் பெரும்பாலும் ஒவ்வொருவராகவே வருகிறது, செய்தித்தாளில் நான்கு வரிக்கு மேல் இடம் பெறுவதும் இல்லை. தடுப்பில்லாத மாடி விளிம்பு, மூடாத லிஃப்ட் வாய், சாரம், கான்கிரீட் இறுகும்வரை தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டு, தற்காலிக மின்கம்பி ஆகிய எதுவும் அனுமதி பெற்ற வரைபடத்தில் இருப்பதில்லை. தூணுக்கு எத்தனை கம்பி என்று மல்லுக்கட்டும் பொறியாளர்கள்கூட, அந்தத் தூணுக்குக் கம்பி கட்டுபவர் எதன்மேல் நிற்பார் என்பதை மேஸ்திரியின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடுவார்கள். இந்த மாதம் அப்படி விடுபட்டவற்றை மட்டும் எழுத உத்தேசம்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. கலவை இயந்திரத்துக்கும் கம்பி வெட்டும் இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை கொடுத்து முடித்தபின், வேலை நடக்காத நாள் என்பதால் மின் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிளக் இல்லாத ஒயர் முனைகளைச் சாக்கெட்டில் செருகி, நழுவாமலிருக்கத் தீக்குச்சியை அடித்து இறுக்கியிருந்தார்கள். எர்த் ஒயர் இருந்த சுவடே இல்லை. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பெட்டியில் இருக்கிறது, சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒழுங்காக விழவும் செய்கிறது. ஆனால் கம்பி வெட்டும் இயந்திரத்துக்கு மட்டும் அதைத் தாண்டி மெயினிலிருந்தே ஒயர் இழுத்திருக்கிறார்கள். காரணம் கேட்டால், "அடிக்கடி ட்ரிப் ஆகுது சார்" என்கிறார் மேஸ்திரி. அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்றால் இயந்திரத்தில் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். குரைக்கிறது என்பதற்காகக் காவல் நாயை விரட்டிய கதைதான் இது. இயந்திரம் பழுதுபார்க்கப் போயிருக்கிறது.

அக்டோபர் 15

காலையிலிருந்து விடாத மழை. தண்ணீர்த் தொட்டிக்காக வெட்டிய எட்டடிப் பள்ளத்தில் இன்று யாரும் இறங்கவில்லை. 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகையடித்து முட்டுக் கொடுக்க வேண்டும்; வெட்டிய மண்ணையும் விளிம்பிலிருந்து குறைந்தது அதே தூரமாவது தள்ளிக் கொட்ட வேண்டும். எங்கள் ஜேசிபி ஓட்டுநர் மண்ணை விளிம்பிலேயே குவித்திருந்தார். அதற்குப் பக்கத்தில், விளிம்புக்கு இணையாக, நூல் பிடித்ததுபோல் ஓர் வெடிப்பு ஓடுவதைக் குடையோடு நின்று பார்த்தேன். ஒரு சிறு கல்லைப் போட்டபோது அது கண்ணில் படாத ஆழத்துக்குப் போய்விட்டது. ஒரு கன மீட்டர் ஈரக் களிமண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. தலை வெளியே இருந்தாலும், மார்பு வரை புதைந்தவரால் மூச்சை இழுக்க முடியாது என்பதைத் தொழிலில் பழுத்தவர்கள்கூடப் பலர் அறிந்திருக்கவில்லை.

அக்டோபர் 16

மழை. வேலை இல்லை. பள்ளத்தில் வெடிப்பு ஓடிய பக்கம் சரிந்துவிட்டது.

அக்டோபர் 19

9-ஆம் தேதி போட்ட மூன்றாம் தளத்தின் முட்டுகளைக் கழற்றி மேலே கொண்டுபோக வேண்டும் என்று சென்ட்ரிங் ஒப்பந்ததாரர் காலையிலிருந்து நச்சரிக்கிறார். தீபாவளிக்குமுன் அடுத்த தளம் போட்டால்தான் அவருக்குப் பணம் வரும், ஆட்களுக்கும் போனஸ் கொடுக்க முடியும் என்பதால் அவர் அவசரத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 456-இன்படி, தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கே முட்டுகள் 7 நாட்கள் இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட எங்கள் கூடத்துக்கும், ஆறு மீட்டருக்கு உட்பட்ட உத்திரங்களுக்கும் 14 நாட்கள். அதுவும் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கான கணக்கு. நாங்கள் வாங்கும் பிபிசி எனப்படும் பொசோலானா சிமெண்ட், சாம்பல் கலந்தது என்பதால், மெதுவாகவே வலுப்பெறும். அறைகளின் முட்டுகளை மட்டும் விடுவித்து, மேலே குறையும் மீதத்துக்கு ஜாக்கிகளை, அதாவது இரும்பு முட்டுகளை, வாடகைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வாடகையை யார் கொடுப்பது என்பதுதான் உண்மையான சண்டை. முட்டுகள் மதிப்பீட்டில் தனி வரியாக இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

அக்டோபர் 26

வெளிப்பூச்சுக்குச் சவுக்குச் சாரம் கட்டியாயிற்று. எல்லோருக்கும் பாதுகாப்புப் பெல்ட் இருக்கிறது, ஆனால் கொக்கியைச் சாரக் கம்பிலேயே மாட்டுகிறார்கள். சாரம் சரிந்தால் பெல்ட்டும் ஆளோடு கீழே வரும். மேல்தளத் தூண்களிலிருந்து தனியாக உயிர்க்கயிறு இறக்கச் செய்தேன். பீகாரிலிருந்து வந்த இளைஞர்களுக்கு இதை மேஸ்திரியின் தமிழில் விளக்குவது வீண் என்பதால், அவர்களில் மூத்தவரை முதலில் மேலே ஏற்றிக் கொக்கியை மாட்டிக் காட்டச் செய்தேன். சாரத்தில் இடுப்பளவுக் குறுக்குக் கம்பும், கலவைச் சட்டியும் செங்கல்லும் உருண்டு விழாதபடி ஓரப் பலகையும் கட்டிய பிறகே பூச்சு தொடங்கியது. அரை நாள் வேலை போனதாக அலுவலகத்தில் முணுமுணுப்பு.

அக்டோபர் 29

நாளை முதல் விடுமுறை. தீபாவளியை அடுத்து வரும் பீகார்ப் பண்டிகையான சட் பூஜை முடிந்துதான் வடக்கத்தியர் திரும்புவார்கள்; வருபவர்களில் பாதிப்பேர் புதுமுகங்களாக இருப்பார்கள். முதல் வாரம் அவர்களுக்குத் தரைமட்ட வேலை மட்டும் என்று பதிவேட்டில் எழுதி, மேஸ்திரியிடம் கையொப்பம் வாங்கினேன். காவலாளியின் குடும்பம் குழந்தைகளோடு தளத்திலேயே இருப்பதால் லிஃப்ட் வாய்களில் கதவுச் சட்டங்களை ஆணியடித்து மூடியிருக்கிறோம். விளிம்புத் தடுப்பைச் சாமான் ஏற்றக் கழற்றுபவரே திரும்ப மாட்ட வேண்டும் என்பதும், அதுவரை அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பதும் நவம்பரிலிருந்து ஒப்பந்தத்திலேயே இருக்கும்; சென்ட்ரிங் ஒப்பந்ததாரர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.