அழைப்பிதழில் 'இடம்' என்கிற அந்த ஒரு கட்டம்

ஆன்லைனில் பிறந்தநாள் அழைப்பிதழ் செய்யும்போது பெயர், தேதி, பலூன் படம் எல்லாம் பத்து நிமிட வேலை. மாட்டிக்கொள்வது 'இடம்' என்ற கட்டத்தில்தான். பார்வைக்கு ஒரு கட்டம், உள்ளே இருப்பதோ இரண்டு: கண்ணால் படிக்கிற முகவரி ஒன்று, தட்டினால் வழிகாட்டுகிற மேப் புள்ளி இன்னொன்று. டைப் அடிக்கும்போது கீழே விரிகிற பட்டியலில் ஒன்றைத் தொட்டால்தான் புள்ளி உட்காரும். தொடாமல் முழு முகவரியையும் நாமே அடித்தால் வெறும் எழுத்துதான் போகும். விருந்தாளி தட்டும்போது அவருடைய போன் அந்த எழுத்தைப் புதிதாகத் தேடும். எதைக் கண்டுபிடிக்கும் என்பது அதன் இஷ்டம்.

'கே.கே. நகர்' என்று அடித்துப் பாருங்கள். சென்னையில் ஒன்று, மதுரையில் ஒன்று, திருச்சியில் ஒன்று. அண்ணா நகர் கதையும் இதுதான். லட்சுமி மகால்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பட்டியல் பெரும்பாலும் நாம் உட்கார்ந்திருக்கும் ஊருக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் மேலே தூக்கிக் காட்டும். வெளியூரில் இருந்துகொண்டு சொந்த ஊர் விசேஷத்துக்கு அழைப்பிதழ் செய்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மண்டபப் பெயரோடு ஊர்ப் பெயரையும் 6 இலக்க பின்கோடையும் சேர்த்து அடித்தால் பட்டியல் சுருங்கும்.

சரியானதைத் தொட்ட பிறகு கை சும்மா இருக்காது. 'இரண்டாவது மாடி' என்று அதே கட்டத்துக்குள் சேர்ப்போம். சில தளங்கள் உடனே புள்ளியைக் கழற்றிவிடும், சில தளங்கள் எழுத்தை மாற்றிக்கொண்டு பழைய புள்ளியையே பிடித்துக்கொண்டிருக்கும். இதில் இரண்டாவதுதான் ஆபத்து. மண்டபத்தை மாற்றினீர்கள் என்றால் படிக்கப் புது மண்டபம், தட்டினால் பழைய மண்டபம். இடம் மாறினால் கட்டத்தைச் சுத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து தேடுவதே நல்லது. மாடி, பிளாக், பழைய எண், புதிய எண் எல்லாம் குறிப்புப் பகுதியில் இருக்கட்டும்.

அடுக்ககத்துக்குள் இருக்கும் பார்ட்டி ஹால் தனித் தலைவலி. புள்ளி வளாகத்தின் நடுவில் நிற்கும். மேப்போ அந்தப் புள்ளிக்குக் கிட்டத்தில் இருக்கிற சாலைக்கு வண்டியை இழுத்துப் போகும். அது பின்பக்கச் சந்து என்றால், கையில் பரிசுப் பெட்டியோடு காம்பவுண்டு சுவரைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். கூகுள் மேப்பில் சாட்டிலைட் பார்வைக்கு மாற்றி, நன்றாகப் பெரிதாக்கி, வண்டிகளை உள்ளே விடுகிற கேட்டின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சிவப்புக் குறி விழும். 'ஷேர்' தொட்டு வரும் லிங்கைக் குறிப்புப் பகுதியின் முதல் வரியில் ஒட்டுங்கள்.

கட்டம் லிங்கை ஏற்காவிட்டால் அந்தக் குறியின் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். சென்னைக்கு 13.08, 80.27 என்கிற மாதிரி இருக்கும். ஆனால் தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப்போகும். ஐந்து இலக்கம் போட்டால் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அடுத்து. மாற்றிப் போட்டால் உங்கள் வீட்டு கேக் வெட்டு ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் நடக்கும்.

சிங்கப்பூரில் இருந்து செய்கிறவர்கள் நேர மண்டலத்தையும் பார்க்க வேண்டும். இடத்தை இந்தியாவுக்கு மாற்றினால் கடிகாரமும் தானாக மாறும் என்று நம்பக் கூடாது. மாலை 6.30 என்று போட்டது சிங்கப்பூர் நேரமாகவே பதிந்தால், இங்கே இருப்பவர் காலண்டரில் 4 மணி என்று காட்டும்.

காலையில் கோயில், மதியம் ஹோட்டல் என்றால் ஒரே கட்டத்தில் இரண்டையும் திணிக்காமல் இரண்டு நிகழ்ச்சியாகப் போடுங்கள்.

அழைப்பிதழைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் ஓரத்தில் க்யூஆர் கோடு ஒன்றை வைக்கிறார்கள். வந்த படம் இருப்பது அதே போனில். கேமராவை எதன் மேல் காட்டுவது? லிங்கைப் படத்துக்குக் கீழே எழுத்தாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பின் 'தற்போதைய லொக்கேஷன்' வேண்டாம், வீட்டில் இருந்து தொட்டால் அது வீட்டைத்தான் அனுப்பும்.

எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன் அந்த இடத்துக்கே போயிராத ஒருவருக்கு அனுப்பி, மேப் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்று கேளுங்கள். வேளச்சேரியில் இருப்பவருக்கு கே.கே. நகர் 450 கி.மீ. என்று வந்தால் புள்ளி மதுரையில் இருக்கிறது. வழி கேட்க ஒரு போன் நம்பரும் போடுங்கள். அன்று கேக் வெட்டப் போகிறவருடைய நம்பராக மட்டும் அது இருக்க வேண்டாம்.