வெறும் வானும் மாரிச் சேறும்

மாரி வந்தால் மட்டக்களப்பில் ‘வான்’ இரண்டு. ஒன்று குளத்து வான், குளம் நிரம்பினால் மிச்ச நீர் வெளியே பாய்கிற வழி. உன்னிச்சையில் கதவு திறந்துவிட்டார்களா, நவகிரியில் திறந்துவிட்டார்களா என்று விடிய எழும்பியதும் விசாரிப்போமே, அது. மற்றது நாம் ஓட்டுகிற வான். முதல் வான் பாய்ந்தால் இரண்டாவது வான் என்ன பாடுபடும் என்பதுதான் இங்கே விஷயம். அதிலும் டொல்பின் என்று நாம் சொல்லும் டொயோட்டா ஹைஏஸ், பழைய டவுன்ஏஸ் மாதிரிப் பின்சில்லு தள்ளும் வான்கள்.

டொல்பினில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. சாரதியும் முன்சில்லுக்கு மேலேயே உட்காருகிறார். ஆளும் சாமானும் இல்லாவிட்டால் பாரத்தில் பெரும்பங்கு முன்னுக்குத்தான். வண்டியைத் தள்ள வேண்டிய பின்சில்லை அமத்திப் பிடிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. காய்ந்த காப்பெட் வீதியில், அதாவது வழுவழுப்பான தார் வீதியில், இது தெரியவராது. ஆட்களை நிரப்பிக்கொண்டு போகும்போது பிசகில்லாமல் போன அதே வான், அவர்களை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும்போது வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிறவல் வளைவில் பின்பக்கத்தை வீசும். உடனே ரயரைத் திட்டுவோம். பல நேரம் ரயரில் பிழை இல்லை, பாரமில்லாததுதான் பிழை.

கனடாவில் இருக்கிற நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். பின்சில்லு ஓட்டமுள்ள தாழ்ந்த கார் வைத்திருப்பவர்கள் பனிக்காலத்தில் டிக்கியில் மண்மூட்டை போட்டுக்கொண்டு திரிவார்கள். பனிக்குச் செய்வதைச் சேற்றுக்கும் செய்யலாம். 50 கிலோ யூரியா வந்த உரப்பை இரண்டு எடுத்து மணலை அரைவாசிக்கு மட்டும் நிரப்புங்கள். மணல் யூரியாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம். பையை நிரப்பினால் தூக்க இரண்டு பேர் வேண்டும். வைக்கிற இடம் பின் அச்சுக்கு நேர் மேலே. கடைசிக் கதவோரம் வைத்தால், பின்பக்கம் ஒருதரம் வீசத் தொடங்கியதும் அந்தப் பாரமே ஊஞ்சல் மாதிரி இன்னும் இழுத்துக்கொண்டு போகும். கூரையில் ஏற்றவே கூடாது. கட்டாயம் கயிறு போட்டுக் கட்டுங்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் கட்டாத மூட்டை முன் சீற்றுக்கு வந்து சேரும்.

ரயரில் இரண்டு மட்டும்தான் புதிது வாங்க முடியுமென்றால் அவை பின்னுக்கு. முன்சில்லு வழுக்கினால் காலை எடுத்து வேகம் குறைய வண்டி வழிக்கு வரும். பின்சில்லு வழுக்கினால் வண்டியே திரும்பிவிடும். ரயர் பள்ளத்துக்குள் இருக்கிற சிறு மேடு 1.6 மில்லிமீற்றரில் ரயரோடு சமமாகிவிடும், ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். மாரிக்கு 3 மில்லிமீற்றராவது இருக்கட்டும். ‘மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிக்கும்’ என்பது தார் வீதிக்குப் பொருந்தாத கதை. நீர் நிறைந்த வீதியில் தேய்ந்த ரயர் 36 பிஎஸ்ஐ காற்றில் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் வேகத்தில் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் என்பது பொதுக் கணக்கு. 25 பிஎஸ்ஐக்கு இறக்கினால் 83லேயே மிதக்கும். காற்றைக் குறைப்பது மணலுக்கும் புதைசேற்றுக்கும். 18 அல்லது 20 வரை இறக்கி, வெளியே வந்ததும் திரும்ப அடித்துவிட வேண்டும்.

ஓட்டும்போது கையும் காலும் சோம்பலாக இருக்கட்டும். சேற்றில் கிளம்ப இரண்டாம் கியர். குளக்கட்டு இறக்கத்தில் சட்டென்று கியரைக் குறைத்துக் கிளச்சை விட்டால் எஞ்சின் பின்சில்லை மட்டும் பிடித்து நிறுத்தும். ஹாண்ட் பிரேக்கை இழுத்ததும் அதுவும் ஒன்றுதான். வளைவுக்கு முதலே கியரை மாற்றி முடித்துவிடுங்கள். பின்பக்கம் இடப்பக்கம் போனால் ஸ்டியரிங்கும் இடப்பக்கம், கிளச்சை அமத்துங்கள், பிரேக்கில் கால் வேண்டாம், கண் போக வேண்டிய வழியில். வண்டி நேராகத் தொடங்குமுன்னமே ஸ்டியரிங்கையும் நேராக்கிவிட வேண்டும். இதைப் பிந்திச் செய்வதால்தான் மறுபக்கம் வீசிக் கானுக்குள் போகிறது.

நம் ஊரில் பனிக்கு மிகக் கிட்டே வருவது வெள்ளமல்ல, காப்பெட் வீதியில் வயற்களி. விதைப்புக் காலத்தில் உழவு இயந்திரம் வட்டைக்குள்ளிருந்து, அதாவது வயல்வெளிக்குள்ளிருந்து, ஏறி வரும்போது சில்லு நிறையக் களியை வீதியில் கொட்டிக்கொண்டு போகும். கொட்டு மழை அதைக் கழுவிவிடும், தூறல்தான் சவர்க்காரமாக்கும். வட்டைப் பாதை வீதியில் வந்து ஏறுகிற இடமெல்லாம் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டு போங்கள். அறுவடைக்கு வீதியில் காயப்போடுகிற நெல்லும் இதே வேலையைச் செய்யும், வெயிலிலேயே.

புதைந்துவிட்டால் அக்சிலேற்றரை அமத்த வேண்டாம். சுழலச் சுழலச் சில்லு கிடங்கு தோண்டும், அச்சு மண்ணில் உட்கார்ந்தபின் பத்துப் பேர் தள்ளினாலும் அசையாது. முதலில் வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். ஒரு சில்லு மட்டும் சும்மா சுழன்று மற்றது நின்றால் ஹாண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்து, மெதுவாக அக்சிலேற்றர் கொடுங்கள். பின் அச்சின் நடுவில் விசையை இரண்டு சில்லுக்கும் பிரிக்கிற டிபறன்சல், இரண்டு பக்கமும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். சுழல்கிற சில்லுக்குத் தடை வந்தால் நிற்கிற சில்லுக்கும் விசை கூடும். டொல்பினில் ஹாண்ட் பிரேக் பின்சில்லைப் பிடிப்பதால் இது நடக்கும். கன்டர் மாதிரி, ஷாப்டைப் பிடிக்கும் ஹாண்ட் பிரேக் உள்ள லொறிகளில் நடக்காது. வைக்கோலோ தென்னோலையோ போடுவதென்றால் சில்லு நகரப் போகிற பக்கத்தில், சில்லோடு ஒட்டத் திணிக்க வேண்டும். தள்ளுகிறவர்கள் சில்லுக்கு நேர் பின்னே நிற்கக் கூடாது. ஓலை மட்டை காலுக்குத்தான் வரும்.

வெள்ளத்துக்கு ஓட்டத் திறமை பெரிதாக உதவாது. கிட்டங்கி, மண்டூர்–வெல்லாவெளி, கிரான் பக்கம் நீர் வீதியைக் குறுக்கே கடந்து ஓடினால் நில்லுங்கள். ஓடும் நீர் 30 சென்ரிமீற்றர் இருந்தாலே சிறு வாகனத்தை நகர்த்தும், 60 இருந்தால் பெரும்பாலான வாகனங்களை எடுத்துப் போகும். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரத்தையே வெள்ளம் கவிழ்த்துப் பிள்ளைகளைக் கொண்டுபோனது. வானை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேங்கி நிற்கும் நீரென்றால், ஆள் இறங்கி நடந்து பார்த்து, அரைச் சில்லுக்குக் குறைவென்றால் முதல் கியரில் நடை வேகத்தில் நிற்காமல் போகலாம். எதிரே லொறி வந்தால் அதன் அலை அடங்கும்வரை காத்திருங்கள். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். காற்று போகிற வழியால் தண்ணீர் ஏறியிருந்தால் எஞ்சினுக்குள் பிஸ்டனைப் பிடித்திருக்கிற கொனெக்டிங் றொட் வளைந்துவிடும். இழுத்துக்கொண்டு வருகிற செலவு அதோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

கரையேறியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கைப் பல தடவை இலேசாக அமத்திக் காயவிடுங்கள். பின் ட்ரம் காய நேரமெடுக்கும். வாவி நீரென்றால் உப்பு, அன்றைக்கே கீழ்ப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பலர் விடுவது டிபறன்சல்: ஓடிச் சூடான டிபறன்சல் குளிர்ந்த நீரில் அமிழ்ந்தால் உள்ளே காற்றுச் சுருங்கி, மூச்சுக்குழாயாலோ சீலாலோ தண்ணீரை உறிஞ்சும். அடுத்த நாள் நிரப்புகிற நட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஓயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் முழுக்க வடித்துவிட்டு, ஜீஎல்-5 தரத்து 90 கியர் ஓயிலை அந்தத் துவாரத்தின் கீழ் விளிம்புவரை விட வேண்டும்.