லினக்ஸ் 6.6.10-க்கும் 6.7-க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மடிக்கணினி

நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய திங்க்பேட் மடிக்கணினி இருக்கிறது. சில ஆண்டுகளாக அதில் ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் ஓடுகிறது. பிழைப்புக்கென்று வாங்கியது அன்று. மாலை வேளைகளில் எதையாவது கழற்றி மாட்டிப் பார்ப்பதற்காக வைத்திருப்பது. ஆனாலும் தெருவில் யாருக்குச் சிட்டா நகல் வேண்டுமென்றாலும், ரயில் டிக்கெட் வேண்டுமென்றாலும் அதன் முன்தான் வந்து உட்காருவார்கள் என்பதால், அது நின்றுபோனால் எனக்கு மட்டும் நின்றதாக இருக்காது.

2024 பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை இரவு, வழக்கம்போல் ஆர்ச்சின் மென்பொருள் நிறுவியான பேக்மேன் கொண்டு முழு அப்டேட் ஒன்றைப் போட்டேன். பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை. கணினியை அணைத்து மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை, அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போடுவதற்குச் சிட்டா நகல் வேண்டுமென்று சித்தப்பா வந்தார். கணினியைத் திறந்தால் வைஃபைக்கான அடையாளமே திரையில் இல்லை.

"என்ன தம்பி, நெட்டு வரலையா?"

"பத்து நிமிஷம் இருங்க சித்தப்பா, பார்த்துடுறேன்."

அந்தப் பத்து நிமிடம் ஞாயிற்றுக்கிழமை இரவு வரை நீண்டது. அவர் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைத்தெரு இ-சேவை மையத்துக்குப் போய்விட்டார்.

முதல் சந்தேகம் என் கை வேலையின் மேல்தான் விழுந்தது. போகிக்கு இரண்டு நாள் முன்புதான் அந்த மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி, பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டியை மாட்டியிருந்தேன். அப்போது வைஃபை கார்டின் ஆன்டெனா வயர் தளர்ந்திருக்கலாம் என்று எண்ணி, மறுபடியும் திருகாணிகளைக் கழற்றி, கார்டை எடுத்து, துடைத்து, அழுத்திப் பொருத்தினேன். ஒரு மணி நேரம் போனது, பலன் இல்லை. மூடியை மாட்டிய பிறகுதான், உள்ளே இருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்துப் பார்க்கத் தோன்றியது. அதில் இன்டெல் வைஃபை கார்டு ஒழுங்காகத் தெரிந்தது. இதை முதலில் செய்திருந்தால் திருகாணிகளைத் தொட்டிருக்கவே வேண்டாம். கார்டு இருக்கிறது, ஆனால் அதை எடுத்து நடத்த டிரைவர் வரவில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்திருக்கும்.

வைஃபை இல்லாவிட்டால் போகட்டும் என்று ரவுட்டரிலிருந்து லேன் கேபிளை இழுத்துச் செருகினேன், அதுவும் பேசவில்லை. கைப்பேசியை யுஎஸ்பி வழியாக இணைத்து டெதரிங் போட்டேன். கைப்பேசி சார்ஜ் ஏறியதே தவிர, கணினியில் புதிய இணைப்பு எதுவும் தோன்றவில்லை. மூன்று வெவ்வேறு கருவிகள் ஒரே இரவில் பழுதாக வாய்ப்பே இல்லை. அந்த இடத்திலேயே நின்று யோசித்திருக்க வேண்டும். நானோ இணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புகளைத் திறந்து, வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

வழி காட்டியது நெட்வொர்க்கோடு சம்பந்தமே இல்லாத ஒன்று. சலிப்புத் தீர ஒரு பாட்டைப் போட்டேன், ஒலி வரவில்லை. ஒலிக்கான கருவியே இல்லையென்று கணினி சொன்னது. நான் வெளி மவுஸையே பயன்படுத்துவதால், டச்பேடும் காலையிலிருந்து செத்துக் கிடந்ததை அதன் பிறகுதான் கவனித்தேன். வைஃபை, லேன், யுஎஸ்பி டெதரிங், ஒலி, டச்பேட் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்றுதான்: இவற்றின் டிரைவர்கள் அனைத்தும் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் சேர்ந்தே வருபவை அல்ல, தேவைப்படும்போது வட்டிலிருந்து எடுத்து ஏற்றப்படும் மாட்யூல்கள்.

மாட்ப்ரோப் கட்டளையால் வைஃபையின் மாட்யூலைக் கையால் ஏற்றிப் பார்த்தேன். 6.6.10 என்ற பெயருள்ள மாட்யூல் கோப்புறையில் அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால் அந்தக் கோப்புறையே இல்லை. அதன் இடத்தில் 6.7 என்ற கோப்புறை மட்டும் இருந்தது. யூநேம் கொடுத்துக் கேட்டால் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் 6.6.10 என்று வந்தது. லினக்ஸ் 6.7 வெளியானது 2024 ஜனவரி 7 அன்று. வெள்ளிக்கிழமை அப்டேட்டில் அதுதான் இறங்கியிருக்கிறது என்பதைப் பேக்மேனின் பதிவேடும் உறுதி செய்தது. ஆக மாட்யூல்கள் புதியவை, ஓடும் கெர்னல் பழையது.

இந்தப் பொருத்தமின்மை எனக்குப் புதிதன்று என்பதால்தான் இன்னும் அதிகமாகக் குழம்பினேன். ஆர்ச்சில் கெர்னல் அப்டேட் ஆகும்போது பழைய பதிப்பின் மாட்யூல் கோப்புறை அப்போதே நீக்கப்பட்டுவிடும். அப்டேட் போட்டுவிட்டு மறுதொடக்கம் செய்யாமல் ஒரு பென் டிரைவையோ கைப்பேசியையோ செருகினால், அதற்கான மாட்யூல் முன்பே ஏறியிருந்தால் ஒழிய, அது வேலை செய்யாது. மறுதொடக்கம் செய்தால் புதிய கெர்னல் வந்து எல்லாம் சரியாகிவிடும். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த முறை காலையிலிருந்து மூன்று முறை மறுதொடக்கம் செய்தாயிற்று. ஒவ்வொரு முறையும் பழைய கெர்னலே எழுந்து வந்தது.

கெர்னல் இருக்க வேண்டிய பூட் கோப்புறையைத் திறந்தேன். அங்கே இருந்த கெர்னல் கோப்பின் தேதி வெள்ளிக்கிழமை இரவு, அதாவது புதியது. கண்ணெதிரே 6.7 இருக்கிறது, கணினியோ 6.6.10-ஐ எடுத்து ஓட்டுகிறது. அப்படியானால் அது எங்கிருந்து எடுக்கிறது? சற்று நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஃபைண்ட்மவுண்ட் கட்டளையால் பூட் கோப்புறையில் எந்தப் பார்ட்டிஷன் (வட்டின் தனிப் பகுதி) மவுண்ட் ஆகியிருக்கிறது, அதாவது இணைந்திருக்கிறது, என்று கேட்டேன். பதில் வெறுமையாக வந்தது. எதுவும் மவுண்ட் ஆகியிருக்கவில்லை.

கதை அங்கே அவிழ்ந்தது. எஸ்எஸ்டியை மாட்டியபோது பழைய வட்டிலிருந்த கோப்புகளை ஆர்சிங்க் கொண்டு அப்படியே நகலெடுத்தேன். கணினி தொடங்குவதற்குத் தேவையான சிறிய ஃபேட் பார்ட்டிஷனைப் புதிதாக உருவாக்கி, அதற்குள் அன்றைய கெர்னலான 6.6.10-ஐ வைத்தேன். புதிய பார்ட்டிஷன்களுக்கு அடையாள எண்களும் புதியவையாகத்தானே இருக்கும்? எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் முதன்மைப் பார்ட்டிஷனுக்கான எண்ணை மாற்றினேன். அதற்கு அடுத்த வரியில் இருந்த பூட் பார்ட்டிஷனின் எண்ணை மாற்ற மறந்தேன். அந்த வரியில் நோஃபெயில் என்ற சொல்லையும் எப்போதோ நானே சேர்த்து வைத்திருக்கிறேன். பார்ட்டிஷன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, தொடக்கத்தை நிறுத்தாதே என்பது அதன் பொருள். அதன்படியே கணினி ஒரு வாரமாக ஒவ்வொரு தொடக்கத்திலும் அந்த இல்லாத எண்ணுக்காக நிற்காமல் மேலே போய், அது கிடைக்கவில்லை என்று தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டியின் பதிவில் ஒரு வரி மட்டும் எழுதியிருக்கிறது. நான் அந்தப் பதிவைத் திறந்தும் பார்க்கவில்லை.

கணினியை முதலில் எழுப்பும் யுஇஎஃப்ஐக்கு (பலரும் இன்னும் பயாஸ் என்றே சொல்வது) எஃப்எஸ்டேப் பற்றி எதுவும் தெரியாது. அது நேரே ஃபேட் பார்ட்டிஷனுக்குள் போய் அங்கே கிடந்த 6.6.10-ஐ எழுப்பிவிடும். வெள்ளிக்கிழமை அப்டேட், புதிய கெர்னலை பூட் என்ற பெயரிலிருந்த வெறும் கோப்புறையில் வைத்துவிட்டு, பழைய மாட்யூல்களை நீக்கிவிட்டது. கெர்னலோடு சேர்ந்து ஏறி, தொடக்கத்துக்கு வேண்டிய மாட்யூல்களைத் தரும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் அதே ஃபேட் பார்ட்டிஷனில் பழையதாகவே இருந்தது. அதற்குள் எஸ்எஸ்டி, அதன் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, விசைப்பலகை, திரை ஆகியவற்றுக்கான பழைய மாட்யூல்கள் பத்திரமாக இருந்ததால் கணினி நல்லபடியாகவே எழுந்தது. அதற்குப் பின் தேவைப்பட்டவை மட்டுமே கிடைக்காமல் போயின. முழுவதும் எழாமல் போயிருந்தால் சனிக்கிழமை காலையே காரணத்தைக் கண்டிருப்பேன்.

காரணம் தெரிந்துவிட்டது, எண்ணைத் திருத்தி மவுண்ட் செய்தால் போதும் என்று நினைத்தேன். திருத்தி மவுண்ட் கட்டளையைக் கொடுத்தால், அந்த ஃபேட் பார்ட்டிஷனைப் படிக்கத் தேவையான விஃபேட் என்ற கோப்பு முறைமையே தனக்குத் தெரியாது என்றது. விஃபேட்டும் ஒரு மாட்யூல்தான். கல்யாணம் நடந்தால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் நடக்கும் என்பார்களே, அந்த நிலை. அந்தப் பார்ட்டிஷனைத் திறந்தால்தான் சரியான கெர்னல் வரும். சரியான கெர்னல் வந்தால்தான் அந்தப் பார்ட்டிஷனைத் திறக்க முடியும்.

குறுக்கு வழி ஒன்றையும் முயன்றேன். 6.7 மாட்யூல் கோப்புறைக்கு 6.6.10 என்ற பெயரில் ஒரு சிம்லிங்க், அதாவது அதையே சுட்டும் மாற்றுப்பெயர், போட்டேன். மாட்ப்ரோப் இந்த முறை கோப்பைக் கண்டுபிடித்தது; ஆனால் கெர்னல் அதை ஏற்க மறுத்தது. ஒவ்வொரு மாட்யூலும் தான் எந்தக் கெர்னலுக்காகத் தொகுக்கப்பட்டது என்ற முத்திரையைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்டிருக்கிறது. கோப்புறையின் பெயரை மாற்றி ஏமாற்ற முடியாது, ஏமாற்றவும் கூடாது: கெர்னலின் உள் அமைப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுபவை, தவறான மாட்யூல் ஏறினால் கணினியே நிலைகுலையலாம். சிம்லிங்கை நீக்கினேன்.

பென் டிரைவிலேயே லினக்ஸ் ஓடும் லைவ் யுஎஸ்பி ஒன்றிலிருந்து தொடங்கி, ஆர்ச்-சிரூட் கட்டளை மூலம் வட்டிலிருக்கும் லினக்ஸுக்குள் போய்ச் சரிசெய்வதுதான் எல்லோரும் சொல்லும் வழி. என்னிடமிருந்த பென் டிரைவில் அத்தை மகனின் கல்யாணப் படங்கள் இருந்தன. அதை அழிக்க மனம் வராமல் வேறு வழி தேடியபோதுதான் பேக்மேனின் கேஷ் நினைவுக்கு வந்தது. நிறுவுவதற்காகப் பதிவிறக்கிய பேக்கேஜ் கோப்புகளை அது வட்டிலேயே வைத்திருக்கும். அவற்றைக் கழிக்க நான் பயன்படுத்தும் பேக்கேஷ், இயல்பாகவே ஒவ்வொன்றிலும் கடைசி மூன்று பதிப்புகளை விட்டுவைக்கும். போய்ப் பார்த்தேன். 6.6.10 கெர்னலின் பேக்கேஜ், 100 எம்பிக்கும் மேற்பட்ட ஒரே கோப்பாக, அங்கே இருந்தது. இணையமே தேவையில்லை.

அந்தக் கோப்பிலிருந்து மாட்யூல் கோப்புறையை மட்டும் டார் கொண்டு பிரித்து அதற்குரிய இடத்தில் வைத்தேன். மாட்ப்ரோப் அப்போதும் கைவிரித்தது. எந்த மாட்யூல் எதைச் சார்ந்தது என்ற அட்டவணை பேக்கேஜுக்குள் வருவதில்லை. நிறுவும்போதுதான் டெப்மாட் அதை உருவாக்குகிறது. நான் முறையாக நிறுவாமல் பிரித்து மட்டுமே வைத்ததால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. டெப்மாடை 6.6.10 என்ற பதிப்பின் பெயரைக் குறிப்பிட்டு ஓட்டிய பிறகு விஃபேட் ஏறியது. வைஃபையின் மாட்யூலையும் ஏற்றினேன். சில நொடிகளில் வீட்டு இணைப்பின் பெயர் திரையில் வந்து நின்றது.

மிச்சம் எளிது. பூட் கோப்புறையில் வழிதவறி விழுந்து கிடந்த புதிய கெர்னலை, எதுவும் மவுண்ட் ஆகாத அந்த நிலையிலேயே முதலில் அழித்தேன். மவுண்ட் செய்துவிட்டால் அது அடியில் மறைந்துபோய் வட்டை அடைத்துக்கொண்டே கிடக்கும். பிறகு பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, கெர்னல் பேக்கேஜை மறுபடி நிறுவினேன். மறுதொடக்கம் ஆனதும் யூநேம் 6.7 என்றது. ஒலி வந்தது, டச்பேட் நகர்ந்தது.

அன்றிரவு சித்தப்பா நெட்டு வந்துவிட்டதா என்று விசாரிக்க வந்தார். என்ன கோளாறு என்று கேட்டதற்கு, ஆற்று நீரைப் பிரித்துவிடும் எங்கள் ஊர் மூணாறு தலைப்பை வைத்துத்தான் சொல்ல வந்தது. தலைப்பில் பழைய முறைப்படி தண்ணீர் திறக்கிறார்கள், கீழே மடைக்காரர்களோ புதிய முறைப்படி மடையைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார்கள், அதனால் யார் வயலுக்கும் தண்ணீர் ஏறவில்லை என்றேன். "அப்ப வாய்க்கால்ல கோளாறே இல்லைன்னு சொல்லு. நீ ரெண்டு நாளா வாய்க்காலைத்தானே வெட்டிக்கிட்டிருந்த?" என்றார். நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புகளுக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்கு அகப்படவில்லை.

இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறேன். நோஃபெயில் சொல்லை அந்த வரியிலிருந்து எடுத்துவிட்டேன். பூட் பார்ட்டிஷன் கிடைக்கவில்லையென்றால் கணினி தொடக்கத்திலேயே நின்று என்னைக் கூப்பிடட்டும். பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாதபோது அந்த வெறும் கோப்புறைக்குள் யாரும் எதுவும் எழுத முடியாதபடி சிஹெச்ஆட்டர் கட்டளையால் பூட்டியும் வைத்தேன். இனி இப்படி ஒன்று நடந்தால் அப்டேட்டின்போதே பிழைச்செய்தி வரும். மாற்றுக்கு, நீண்ட காலம் பராமரிக்கப்படும் எல்டிஎஸ் கெர்னலையும் வைத்துக்கொள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வேறு பல சிக்கல்களுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் இந்தக் கோளாறில், அதே அப்டேட்டில் எல்டிஎஸ் கெர்னலும் மாறியிருந்தால் அதுவும் சேர்ந்தே மாட்டியிருக்கும். மறுதொடக்கம் வரை பழைய மாட்யூல்களைக் காத்துவைக்கும் ஹூக் பேக்கேஜ் ஒன்றும் உண்டு. ஆனால் மூலக் கோளாறான எஃப்எஸ்டேப் வரியை அதுவும் திருத்தியிருக்காது.

திங்கட்கிழமை காலை ஒன்று உறைத்தது. மன்னார்குடியில் இருக்கும் அத்தை மகனின் மடிக்கணினிக்கும் அதே வாரத்தில் நான்தான் எஸ்எஸ்டி மாட்டிக் கொடுத்தேன். அதே ஆர்சிங்க் முறை, அதே எஃப்எஸ்டேப் வரி. அவனைத் தொலைபேசியில் அழைத்து ஃபைண்ட்மவுண்ட் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் வரவில்லையே அத்தான் என்றான். நல்லவேளையாக அவன் இன்னும் அப்டேட் போடவில்லை. வருகிற ஞாயிறு நான் வரும் வரை எதையும் தொடாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன்.